ஒன்பது நாற்பது போட்டும் இவர் பிரசங்கமும்

1978 பிப்ரவரி 6, திங்கள்

காலையிலிருந்து தும்மல். பதினொன்று வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன்.

நாங்கள் குடியிருப்பது கொச்சியில் மட்டாஞ்சேரி போட்டு ஜெட்டிக்கு எதிரே, ராசப்பன் என்பவருடைய கோடவுனின் முன்கட்டு. (படகை இங்கே போட்டு என்கிறார்கள். நானும் அப்படியே எழுதிப் பழகிக்கொள்கிறேன்.) பின்கட்டு நிறைய சுக்கு மூட்டை. மலாயா ஈப்போவிலிருந்து கொண்டுவந்த சேலை, தலையணை, என் வீட்டுக்காரருடைய பிரசங்க நோட்டு எல்லாம் கஷாய வாசனை அடிக்கிறது.

வந்து மூன்று வாரம் ஆகிறது. இவர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷம் ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்தவள். பேரப்பிள்ளைகளோடு உட்கார வேண்டிய வயதில், சபை எங்களைப் பதினெட்டு மாத ஊழியத்துக்குக் கடல் கடந்து அனுப்பியிருக்கிறது. காரணம் ராசப்பன் எழுதிய கடிதம். "இங்கே ஆயிரம் தமிழர், மேய்ப்பர் ஒருவரும் இல்லை. ஜெட்டிக்கு எதிரில் காற்றோட்டமான இடம் ஒன்றும் காலியாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார். இந்த இரண்டில் எது அவருடைய கவலை என்பது வந்த அன்றே தெரிந்துவிட்டது.

பிஜி, மொரீஷியஸ், மட்டாஞ்சேரி என்று மூன்று இடத்திலிருந்து அழைப்பு வந்திருந்தது. கமிட்டி வாசித்து முடிப்பதற்குள் இவர் எழுந்து "மட்டாஞ்சேரி" என்றார். ஏன் என்று வீட்டில் கேட்டேன். "மனசுல பட்டது, நேசம்" என்றார் என் பெயரைச் சொல்லி. மொரீஷியஸில் என் சித்தி மகள் இருக்கிறாள். அது யார் மனதிலும் படவில்லை.

பிப்ரவரி 12, ஞாயிறு

முதல் ஆராதனை. வந்தவர்கள்: கீரை விற்கிற பேச்சியம்மாள், யாரோ ஒரு முதியவர், ஓர் ஆடு. முதியவர் நிழலுக்கு வந்தவர். ஆடு வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைத் தின்ன வந்தது.

உள்ளதை எழுதிவிடுகிறேன், இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள். இவருக்குப் பிரசங்கம் வராது. ரயில் வருகையை அறிவிப்பதுபோல எல்லாச் சொல்லையும் ஒரே உயரத்தில் சொல்வார். மீட்பும் அதே குரல், நரகமும் அதே குரல். கல்யாணமான புதிதில் சின்னச் சின்ன ஜெபக்கூடங்களில் ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டாம் வருஷம் சட்டென்று நிறுத்திவிட்டார். தன் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்றார். ஓய்வு பெற்றபிறகுதான் மறுபடி அந்த ஆசை. மனுஷன் இருபத்தாறு வருஷம் காத்திருந்தது ஓர் ஆட்டுக்காகவா?

மார்ச் 3, வெள்ளி

கும்பளங்கிக்குப் போனோம். பஸ், அப்புறம் தோணி, அப்புறம் வரப்பு மாதிரி ஒரு பாதை. இரண்டு பக்கமும் இறால் வளர்க்கிற தண்ணீர். என் செருப்பில் ஒன்று இப்போது அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

அங்கே தமிழர் ஒருவர்கூட இல்லை என்று போகும் முன்பே தாவூது பாய் சொன்னார். ஜெட்டி வாசலில் சாயாக்கடை வைத்திருக்கிற ராவுத்தர். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், கோபத்தில் இரண்டும். "அங்ஙோட்டு எதுக்கு சாரே? அங்க கொஞ்சு மட்டும்தான் உண்டு" என்றார். கொஞ்சு என்றால் இறால். இவர் கேட்கவில்லை. அங்கே ஒவ்வொரு சாயாக்கடையிலும் நுழைந்து கடைக்காரரிடம் தணிந்த குரலில் என்னவோ கேட்டார். காது கொடுத்தேன், கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை.

ஒரு வீட்டு அம்மாள் எங்களைப் பார்த்து இரங்கி, கப்பையும் மீன்கறியும் கொடுத்தாள். மரவள்ளிக்கிழங்கு இவ்வளவு ருசியாக இருக்கும் என்று ஈப்போவில் யாரும் சொன்னதில்லை. இவர் சாப்பிடாமல் தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊழிய பாரம் என்று நினைத்து, அவர் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

மார்ச் 19, ஞாயிறு

பேச்சியம்மாள் மட்டும். ஆடுகூட வரவில்லை.

ஏப்ரல் 10, திங்கள்

இவர் கை சும்மா இருக்காது. ஒரு மாதமாக ஜெட்டியில் நின்று போட்டு வருவதையும் போவதையும் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். இன்று கரும்பலகை ஒன்று வாங்கி, கோடு போட்டு, எங்கள் வாசலில் மாட்டிவிட்டார். தமிழில் இவர் எழுத, மலையாளத்தில் தாவூது பாய் எழுதிக் கொடுத்தார். வரும் நேரம், புறப்படும் நேரம், தாமதம், காரணம் என்று நாலு கட்டம். தினம் சாக்கட்டியால் நிரப்புகிறார்.

இன்றைய காரணங்கள்: 8.40க்கு, கல்யாணக் கோஷ்டி. 9.40க்கு, ஓட்டுகிறவர் சாயா குடித்தது. 11.10க்கு, தெரியவில்லை.

துண்டுப் பிரசுரத்தை ஒருவரும் வாங்குவதில்லை. பலகையை எல்லாரும் நின்று படிக்கிறார்கள்.

ஏப்ரல் 27, வியாழன்

சாயா குடித்த ஓட்டுநர் முந்தாநாள் சண்டைக்கு வந்தார். "ஞான் சாயா குடிச்சா இவருக்கு எந்தா?" என்று தெருவே கேட்கக் கத்தினார். இவர் பொறுமையாக நோட்டை எடுத்து, பதினேழு நாளின் சாயாக்களை நேரத்தோடு வாசித்துக் காட்டினார். இரண்டு நாளாக 9.40 போட்டு 9.40க்கே போகிறது.

மே 22, திங்கள்

ஈப்போவிலிருந்து ஆசீர்வாதம் போதகரின் கடிதம். எங்களை அனுப்பிய கமிட்டிக்கு அவர்தான் தலைவர். நல்லவர், ஆனால் ஊழியத்தை எண்ணிக்கையில் பார்ப்பவர். "நாலு மாத அறிக்கையில் ஒரே பெயர் இருக்கிறது. செப்டம்பரில் நேரில் வருவேன். அதற்குள் ஒரு கூட்டம் கூடியிருக்கவில்லை என்றால் இருவரும் என்னோடு திரும்பிவிடலாம்."

இவர் கடிதத்தை இரண்டு முறை படித்து, மடித்து, பிரசங்க நோட்டில் வைத்துக்கொண்டார். சாப்பாட்டில் உப்பு இல்லாததைக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்குப் போக எனக்கு ஆசையில்லை என்று பொய் எழுத மாட்டேன். காலண்டரில் நாளை அடித்துக்கொண்டுதான் வருகிறேன். ஆனால் இந்த மனுஷனைத் தோற்றவராகக் கூட்டிக்கொண்டு கப்பலேற எனக்கு மனமில்லை.

ஜூன் 11, ஞாயிறு

மழை பிடித்துக்கொண்டது. இது மழையில்லை, யாரோ மேலே இருந்து அண்டா அண்டாவாகக் கொட்டுகிறார்கள்.

இன்று ஆராதனைக்கு முப்பத்தொரு பேர்.

நிஜம்தான். காரணம் இப்படி: ஜெட்டியில் நிற்கக் கூரை போதாது. எங்கள் முன்கட்டில் பெஞ்சு உண்டு, போட்டு எப்போது என்று சொல்ல ஆளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை எர்ணாகுளம் போகிற தமிழர்கள் 8.40 போட்டை விட்டால் 9.40 வரை இங்கே ஒதுங்குகிறார்கள். பேச்சியம்மாளின் புருஷன் ஒச்சப்பன் அரிசி கோடவுனில் மூட்டை சுமப்பவர், உசிலம்பட்டிப் பக்கம். அவர் ஒரு பட்டாளத்தையே கூட்டி வந்திருந்தார். சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்தார்கள். இவர் சரியாக ஒன்பதுக்குப் பாட்டு எடுத்தார். எழுந்து போக வழியில்லாததால் எல்லாரும் கேட்டார்கள்.

9.38க்குப் போட்டு ஊதியது. இவர் வாக்கியத்தின் நடுவில் இருந்தார். ஒரு நிமிஷத்தில் அறையில் நானும் ஈரமும்தான் மிச்சம்.

ஜூலை 9, ஞாயிறு

இன்றைக்கு நாற்பது பேர். இவர் பொருள் "விழிப்பு". அரை மணி நேரம் வழக்கம்போல ஒரே சுருதி. ஒச்சப்பன் குறட்டை விட்டார். கடைசியில் "இதற்கு ஓர் உதாரணம்" என்று தொடங்கினார், குறட்டை நின்றது.

ஐம்பத்திரண்டில், மலாயாவில், இவர் வேலை பார்த்த ஒரு சின்ன ஸ்டேஷன். சாயங்காலம் நாலு மணி, இதே மாதிரி மழை. ஒரே தண்டவாளம். அதில் ஒரு கூட்ஸ் வண்டி நிற்கிறது. அடுத்த ஸ்டேஷனிலிருந்து, அதே தண்டவாளத்தில், இருநூறு பேரோடு பாசஞ்சர் புறப்பட்டுவிட்டது. நடுவில் ஒரு வளைவு. எதிரே நிற்பதை ஓட்டுகிறவரால் பார்க்க முடியாது. வெளியே ஒரே ஓர் ஆள், தண்டவாளம் மாற்றிவிடுகிற மொய்து. அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான்—

போட்டு ஊதியது.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மூன்று விநாடிதான், ஆனால் எழுந்திருக்கவில்லை. பிறகு அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஒச்சப்பன் வாசலில் திரும்பி, "சாரு, இடிச்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஓடினார்.

ஜூலை 16, ஞாயிறு

போன வாரம் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாதா? "புதுசா வந்தவங்களுக்குப் புரியாது நேசம், முதல்லேருந்துதான் சொல்லணும்" என்கிறார். முதலிலிருந்து சொன்னார். மொய்து தலையைத் தூக்கினான். போட்டு ஊதியது.

ஜூலை 23, ஞாயிறு

தூக்கினான். ஊதியது.

பேச்சியம்மாள் சொல்கிறாள், அரிசி கோடவுனில் இரண்டு கட்சி ஆகிவிட்டதாம். இடித்தது கட்சிக்கு ஒச்சப்பன் தலைவர். "அம்புட்டு வேகத்துல வர்ற வண்டி எப்பிடி நிக்கும்னு இவரு, சாமி காப்பாத்தும்னு அவிய்ங்க. மூட்டைய எறக்காம நின்னு பேசுறாய்ங்கம்மா" என்கிறாள்.

என்னையும் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்: அன்றைக்கு மழையில் வண்டி நின்றது, மொய்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். சொல்லவில்லை. கேட்டதைச் சொல்லாமல் இருப்பதுதான் எக்ஸ்சேஞ்சில் எங்களுக்கு முதல் பாடம்.

இன்னொன்று கவனித்தேன். 9.35 ஆனதும் இவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். போட்டு ஊதினால் முகம் வாடும் என்று நினைத்தேன். வாடவில்லை. நிம்மதியாகப் பெருமூச்சு விடுகிறார்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

ஆசீர்வாதம் போதகர் தந்தி. செப்டம்பர் 3, ஞாயிறு ஆராதனையில் இருப்பார். இவர் அறிக்கையில் "சராசரி வருகை 38" என்று எழுதியிருந்தார். அது நிஜம். "இவர்களில் முப்பத்தேழு பேர் போட்டுக்குக் காத்திருப்பவர்கள்" என்றும் எழுதலாமா என்று என்னைக் கேட்டார். அவர்கள் கேட்கவில்லையே, எழுத வேண்டாம் என்றேன். இரவெல்லாம் புரண்டுவிட்டுக் காலையில் அதையும் எழுதித் தபாலில் போட்டுவிட்டார். இப்படி ஒருவரோடு முப்பது வருஷம்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

போட்டுக்காரர்கள் வேலைநிறுத்தம். செப்டம்பர் ஒன்று முதல் ஒரு போட்டும் ஓடாது.

போட்டு இல்லை என்றால் காத்திருக்கிறவர் இல்லை. காத்திருக்கிறவர் இல்லை என்றால்...

இவர் பலகையை அழித்துத் துடைத்து வைத்தார். "கர்த்தருக்குச் சித்தம் அதுன்னா போவோம்" என்றார். பிறகு பெட்டியை இழுத்துத் தூசி தட்டினார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். சுக்குத் தூள் கண்ணில் பட்டதால் கொஞ்சம் அழுதேன்.

ஆகஸ்ட் 30, புதன்

பேச்சியம்மாள் கூப்பிட்டாள், வல்லார்பாடம் மாதா கோயிலுக்கு. அங்கே நினைத்த காரியம் நடக்க முற்றத்தைப் பெருக்கிக் கொடுப்பது வழக்கம். எந்தச் சாமிக்காரரும் பெருக்கலாம். நாங்கள் நேர்த்திக்கடன் ஏற்காத சபைக்காரர்கள். கமிட்டித் தலைவர் நாலு நாளில் வருகிறார். நான் எப்படிப் போவது?

போனேன். எர்ணாகுளம் போய்ப் போட்டு மாறி.

இதை நான் தெளிவாக எழுதிவைக்க வேண்டும்: முற்றம் அழுக்காக இருந்தது. துடைப்பம் பக்கத்தில் இருந்தது. பெருக்கினேன். அவ்வளவுதான். மூலை முடுக்கெல்லாம் பெருக்கினேன். பேச்சியம்மாள் "போதும்மா, நாளைக்கி வாரவகளுக்கும் கொஞ்சம் வைங்க" என்றாள்.

இவர் கேட்டதற்கு முதுகு வலி என்று மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 2, சனி

ஆசீர்வாதம் போதகர் வந்து சேர்ந்தார். வந்ததும் தும்மினார். பதினாலு.

செப்டம்பர் 3, ஞாயிறு

மத்தியானம் மூன்று மணி. இவர் படுத்திருக்கிறார், தூங்கவில்லை. அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் கோணட்டும்.

ஒன்பதுக்குப் பாட்டு எடுத்தோம், மூன்று பேர். இவர், நான், போதகர். ஐந்து நிமிஷம் கழித்து ஆடு வந்தது. போதகர் அதையும் என்னையும் பார்த்தார். இவர் குரல் மட்டும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

ஒன்பது பத்துக்கு ஒச்சப்பன் வந்தார். பின்னாலேயே கோடவுன் ஆட்கள், பெண்டாட்டிமார், கைப்பிள்ளைகள். தாவூது பாய் கடையைச் சாத்திவிட்டுக் கெட்டிலோடு வந்தார். பெஞ்சு நிறைந்து, தரை நிறைந்து, சுக்கு மூட்டை மேலெல்லாம் ஏறி உட்கார்ந்தார்கள். எழுபது பேருக்குக் குறையாது. போதகர் தும்மலை அடக்கிக்கொண்டு எண்ணுகிறார்.

ஒச்சப்பன் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தார். "இன்னைக்கிப் போட்டு இல்லைல்ல சாரு. இன்னைக்காச்சும் அந்த ரயிலு என்னாச்சுன்னு சொல்லிப்புடுங்க. ராத்திரி ஒறக்கம் இல்ல."

இவர் கடிகாரத்தைப் பார்த்தார். 9.38. வெளியே தண்ணீர் சத்தம் மட்டும். ஊதுவதற்கு ஒன்றுமில்லை.

"மொய்து தலையத் தூக்கிப் பாத்தான்" என்றார். நிறுத்தினார். பிறகு, "நான் தூக்கல" என்றார்.

இவர் சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன். தண்டவாளம் காலியா என்று அடுத்த ஸ்டேஷன் மணியடித்துக் கேட்கும். ஸ்டேஷன் மாஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பதில் மணி அடிக்க வேண்டும். அன்று இவர் பார்க்கவில்லை. மேஜையில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டே "காலி, வரலாம்" என்று மணியடித்தார். அதற்குப் பிறகும் இரண்டு வரி எழுதினார். மொய்து உள்ளே வந்து கேட்கவில்லை. சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு மழையில் வளைவுக்கு ஓடினான். வாய்க்கால் பாலத்தில் விழுந்து முழங்கால் சிதறியது. தவழ்ந்து போய்க் கொடியைப் பிடித்தான். வண்டி அவனுக்கு முன்னால் வந்து நின்றது.

விசாரணையில் மொய்து, "மழையில மணி சரியாக் கேக்கல, சார் மேல குத்தம் இல்ல" என்று சொல்லிவிட்டான். இவர் பதிவேட்டில் எழுதியது: தாமதம் 4 நிமிடம். காரணம்: மழை.

கால் முடங்கிய மொய்துவை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இவர் வழியனுப்பப் போகவில்லை. டூட்டி என்று சொல்லியனுப்பினார். டூட்டி இல்லை. அதற்குப்பிறகு பிரசங்கம் எழுதப் பேனாவைத் தொடவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

பின்வரிசையில் ஒரு குரல் மெதுவாக, "அப்ப இடிக்கல. நான் சொன்னேன்ல" என்றது. ஒச்சப்பன் திரும்பி முறைத்தார். பிறகு இவரைப் பார்த்து, "அந்த மொய்து பாய் இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டார்.

"கொச்சிக்காரன். அவ்வளவுதான் தெரியும். வந்ததிலேருந்து தேடுறேன்."

அதற்குத்தான் மட்டாஞ்சேரி. அதற்குத்தான் கும்பளங்கி.

"மொய்துன்னு இங்க நூறு பேரு உண்டு சாரே" என்றார் தாவூது பாய். "காலு வய்யாத்த, நொண்டி மொய்துன்னு கேட்டிருக்கணும். ஏன் கேக்கல?"

"கால் எப்படிப் போச்சுன்னு கேப்பாங்களே" என்றார் இவர்.

செப்டம்பர் 4, திங்கள்

இவரோடு பேசவில்லை. சோறு போட்டேன், பேசவில்லை.

இருபத்தாறு வருஷம். ஏன் என்கிட்ட சொல்லல? எழுபது பேருக்கு முன்னால சொல்ல முடிஞ்சுது, எனக்கு ஒருத்திக்குச் சொல்ல முடியலையா? ஊர்ப் பேச்செல்லாம் இந்தக் காதுல விழுந்துச்சு, என் வீட்டுப் பேச்சு ஒண்ணு விழல. கோபம் மொய்து காலுக்காகவா, எனக்காகவா? ரெண்டும்தான்.

சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "உனக்குத் தெரிஞ்சா நான் சின்னவனாப் போயிருவேன்னு நினைச்சேன் நேசம்" என்றார். நீங்க எப்ப பெரிய ஆளா இருந்தீங்க என்று கேட்டேன். சிரித்துவிட்டார். நானும்.

செப்டம்பர் 5, செவ்வாய்

போதகர் கிளம்பிவிட்டார். எத்தனை பேர் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்று இவர் சொன்னார். ஊழியத்தை விட்டு விலகிக்கொள்வதாகவும் சொன்னார். போதகர் அறிக்கைத் தாளை மடித்து வைத்தார். "இதை அறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை மாசிலாமணி. ஆனால் ஈப்போவில் என் பிரசங்கத்தை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அடுத்த ஜூலை வரை இருங்கள். முதலில் அந்த மனுஷனைக் கண்டுபிடியுங்கள்" என்றார்.

வாசலில் என்னிடம் தனியாக, "வல்லார்பாடத்தில் பெருக்குவார்களாமே, உண்மையா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். தும்மிக்கொண்டே போனார்.

செப்டம்பர் 13, புதன்

வேலைநிறுத்தம் முடிந்தது. பலகை திரும்ப ஏறிவிட்டது. ஒச்சப்பனின் ஆட்கள் மூட்டை இறக்குகிற இடத்திலெல்லாம் கால் வய்யாத்த மொய்துவை விசாரிக்கிறார்கள். தாவூது பாய் பள்ளிவாசல் பள்ளிவாசலாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். இதுவரை வந்த மொய்துகள் மூன்று. இரண்டு பேருக்குக் கால் நன்றாக இருக்கிறது. ஒருவர் மலாயாவே போனதில்லை, சாயா கிடைக்கும் என்று வந்தாராம்.

செப்டம்பர் 22, வெள்ளி

கிடைத்துவிட்டார்.

கும்பளங்கியில். நான் கப்பை சாப்பிட்ட வீட்டுக்கு நாலாவது வீடு. மகளோடு இருக்கிறார். எழுபது வயது இருக்கும், ஒரு கால் மடங்காது, நீட்டியே உட்கார்ந்திருந்தார். இவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சொல்ல எழுதி வைத்திருந்த தாளைச் சட்டைப்பையில் தேடினார், கிடைக்கவில்லை.

மொய்து கண்ணை இடுக்கிப் பார்த்து, "மாசிலாமணி சாரா? அன்னைக்கு வண்டி நாலு நிமிஷம் லேட்டாச்சே, உங்க பேர்ல எழுதிட்டாங்களா சாரே? எனக்கு அதே வெசனமா இருந்துச்சு" என்று கேட்டார்.

இவர் அந்த வாசலில் உட்கார்ந்து அழுதார். நான் பார்க்காத மாதிரி இருக்கவில்லை, போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மொய்துவின் மகள் பயந்துபோய் எங்கள் எல்லாருக்கும் கப்பை எடுத்து வந்தாள்.

இவர் மன்னிப்பு கேட்டு முடித்ததும் மொய்து கேட்டது: "அன்னைக்கு நீங்க என்ன எழுதிட்டிருந்தீங்க சாரே? அத்தனை நல்லா இருந்துச்சா?" இவருக்கு ஞாபகமில்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

காலண்டரில் நாள் அடிக்க மறந்து எத்தனை வாரமோ.

இன்று மொய்து வந்தார், மகளோடு பஸ்ஸில். முன்பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தார். ஐம்பத்திரண்டு பேர், ஓர் ஆடு. இவர் சரியாக ஒன்பதுக்குத் தொடங்கினார். அதே சுருதி. ஒச்சப்பன் குறட்டை. 9.38க்குப் போட்டு ஊதியது, இவர் வாயை மூடினார், எல்லாரும் பையை எடுத்தார்கள்.

மொய்து எழுந்தார். "நீங்க முடிங்க சாரே" என்றார். ஒச்சப்பன் தலையிலிருந்த சிவப்புத் துண்டை உருவிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து ஜெட்டிக்கு நடந்தார். போட்டுக்கு நேரே நின்று துண்டை உயர்த்திப் பிடித்தார். சாயா ஓட்டுநர் கூப்பாடு போட்டார், "எந்தா இது?" மொய்து இறக்கவில்லை. ஜன்னல் வழியாக எல்லாருக்கும் தெரிந்தது. ஒவ்வொருவராகப் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

இவர் முதல்முறையாக ஒரு பிரசங்கத்தை முடித்தார். முடிவு அப்படியொன்றும் நன்றாக இல்லை.

போட்டு போனபிறகு சாக்கட்டியை எடுத்துப் பலகைக்குப் போனார். எழுதினார். மொய்து பக்கத்தில் நின்று துண்டை மடித்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் படித்தேன்.

9.40 எர்ணாகுளம். தாமதம் 4 நிமிடம். காரணம்: நான்.